அயோவா பென்டன் கவுன்ட்டியில் குடியேறுகிறோம்: குளிர், காற்று, புயலுக்கு என்ன ஏற்பாடு தேவை?

புதுக்குடி:

வணக்கம். வேலை சிடார் ராப்பிட்ஸில். வீடு மட்டும் பக்கத்து பென்டன் கவுன்ட்டியில், வின்டனுக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் வாடகைக்கு அமைந்திருக்கிறது. பழைய பண்ணை வீடு. தார் ரோட்டிலிருந்து 2 மைல் கிராவல் (சரளைக்கல்) ரோடு. போர்வெல், செப்டிக் டேங்க், 500 கேலன் புரொப்பேன் எரிவாயு டேங்க், கீழே பேஸ்மென்ட். அக்டோபர் கடைசியில் குடிபோகிறோம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். டிசம்பரில் ஊரிலிருந்து அம்மாவும் வருகிறார். இதுவரை டாலஸில் இருந்ததால் கடுங்குளிர் பழக்கமில்லை.

இணையத்தில் தேடினால் சராசரி வெப்பநிலை அட்டவணைதான் கிடைக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எந்த மாதத்தில் எது உடையும், எது உறையும், எதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2020 டெரெச்சோ (நூற்றுக்கணக்கான மைல் நேராக ஓடும் சூறைக்காற்றுப் புயல்) பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அது மறுபடி வருமா? கறிவேப்பிலைச் செடி இரண்டு இருக்கிறது, அதையும் கொண்டுவரலாமா?

வடமேற்குக்காற்று:

வீட்டுக்குள் நடப்பதை மற்றவர்கள் சொல்வார்கள். குளிரையும் ரோட்டையும் நான் சொல்கிறேன்.

கனடாவிலிருந்து இறங்கும் ஆர்க்டிக் காற்றுக்கும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறும் ஈரக்காற்றுக்கும் நடுவே அயோவாவில் குறுக்கே ஒரு மலை கிடையாது. கடலும் பக்கத்தில் இல்லை. இரண்டில் எது ஜெயிக்கிறதோ அதுதான் அன்றைய வானிலை. மார்ச்சில் ஒரே வாரத்தில் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டும் வரும் (இங்கே டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்), பனியும் கொட்டும். அதனால் சராசரியை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜனவரியில் பகல் உச்சம் சராசரியாக 28, இரவில் 11 டிகிரி அளவில் இருக்கும். அது பழகிவிடும். சிரமம் தருவது வருஷத்தில் சில இரவுகள் மட்டும் வரும் மைனஸ் 15, மைனஸ் 20. 2019 ஜனவரி 31 அன்று பக்கத்து இல்லினாய்ஸில் மவுன்ட் கேரல் என்ற ஊரில் மைனஸ் 38 பதிவானது. அந்த மாநிலத்தின் சாதனை அதுதான். அயோவாவின் சாதனை மைனஸ் 47. 1912இல் வாஷ்டாவிலும், 1996 பிப்ரவரி 3இல் எல்கேடரிலும் பதிவானது. எல்கேடர் உங்களுக்கு வடகிழக்கே இருக்கும் ஊர்தான்.

வெப்பமானியை மட்டும் பார்த்தால் போதாது. 0 டிகிரியில் 15 மைல் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 19. மைனஸ் 10இல் 20 மைல் காற்று என்றால் மைனஸ் 35. அரை மணி நேரத்துக்குள் காது, மூக்கு, விரல் நுனியில் உறைகாயம் வந்துவிடும். 2024 அக்டோபரிலிருந்து வானிலைத் துறை பழைய 'விண்ட் சில் வார்னிங்' என்ற பெயரை 'எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்' என்று மாற்றிவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்கு: குளிர் கடுமையானால் பள்ளியை 2 மணி நேரம் தள்ளி வைப்பார்கள். இன்னொரு அறிவிப்பும் வரும், பஸ் 'ஹார்ட் சர்ஃபேஸ்' ரோட்டில் மட்டும் ஓடும் என்று. அதாவது கிராவல் ரோட்டுக்குள் பஸ் வராது, தார் ரோடு வரை நீங்களே கொண்டுபோய் விட வேண்டும். சேரும்போதே எந்த இடத்தில் ஏற்றுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பனி. வருஷத்துக்கு 30 அங்குலம் ஒட்டித்தான் பெய்யும், நியூயார்க் மாநிலத்து பஃபலோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் இங்கே பெய்கிற பனியைவிட நகர்கிற பனிதான் தொல்லை. அறுவடை முடிந்தபின் மைல் கணக்கில் மொட்டை வயல். வானம் நீலமாக இருக்கும், ஒரு துளி பெய்யாது, ஆனால் 35 மைல் காற்று வயலில் கிடப்பதைத் தூக்கி ரோட்டில் போடும், காரின் முன்பக்கமே தெரியாது. ரோடு வயலைவிடத் தாழ்ந்திருக்கும் இடத்திலும், மரக்கூட்டத்துக்குப் பின்பக்கத்திலும் குவியும். வடக்கு தெற்காக ஓடும் ரோடுகள்தான் மேற்குக் காற்றில் முதலில் அடைபடும். உங்கள் வீட்டின் வடக்கிலும் மேற்கிலும் காற்றுத்தடுப்பு மரவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டு வழித்தடம் ஒவ்வொரு காற்றுக்கும் மூடும். அதை யார் தள்ளுவது, வீட்டுக்காரரா நீங்களா என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உள்ளூரில் டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் அக்டோபரிலேயே பேசி வையுங்கள். ஜனவரியில் கேட்டால் வரிசையில் கடைசி நீங்கள்தான்.

அயோவா 511 செயலி மாநில, தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும்: 30, 218, 150 போன்றவை. உங்கள் கிராவல் ரோடு அதில் வராது. கவுன்ட்டியின் பனி தள்ளும் வண்டிகள் பொதுவாகத் தார் ரோட்டை முடித்த பிறகுதான் கிராவலுக்கு வரும், ராத்திரியில் வராது. 'லெவல் பி' என்று பலகை வைத்த மண் ரோடுகளுக்கு வரவே வராது. உள்ளே போனால் உங்கள் பொறுப்பு என்று பலகையிலேயே எழுதியிருக்கும். கைபேசி வரைபடம் குறுக்குவழி என்று அதில்தான் தள்ளிவிடும். குளிரில் மட்டுமில்லை, ஏப்ரல் மழையிலும் அந்த ரோட்டில் கார் அச்சு வரை புதையும்.

கார்: 0 டிகிரியில் பாட்டரி பாதிக்கும் மேல் சக்தி இழக்கும். 4 வயதான பாட்டரி என்றால் குளிருக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலவையா என்று சோதிக்கச் சொல்லுங்கள்; சரியான கலவை மைனஸ் 34 வரை தாங்கும். டாலஸில் வெறும் தண்ணீர் ஊற்றிய காரென்றால் அது முதல் மாதமே எஞ்சினைப் பிளக்கும். கண்ணாடி துடைக்கும் திரவமும் மைனஸ் 20 என்று போட்டதாக இருக்கட்டும். ஒவ்வொரு 10 டிகிரி இறங்கும்போதும் டயரில் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும். பெட்ரோல் அரை டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். டிக்கியில் மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், கம்பளி, டார்ச், பாட்டரி ஜம்பர். பனியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு நடக்கக் கூடாது. முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளிவிட்டு, மணிக்கு 10 நிமிஷம் எஞ்சினை ஓட்டி, ஒரு கண்ணாடியை விரலளவு திறந்து வையுங்கள்.

பேஸ்மென்ட்வாசி:

ரோட்டைப் பத்தி நல்லா சொல்லிட்டார். வீட்டுக்கு வருவோம்.

புரொப்பேன்: 500 கேலன் டேங்குல 80 சதவீதம், அதாவது 400 கேலன்தான் நிரப்புவாங்க. வெயில்ல வாயு விரியறதுக்கு இடம் விடணும். பழைய வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு அது பத்தாது, ரெண்டு மூணு தடவை நிரப்ப வேண்டி வரலாம். டேங்க் மேல மூடியைத் திறந்தா சதவீத முள் இருக்கும். 30க்கு வந்ததும் கூப்பிடணும், 10 வரைக்கும் காத்திருக்கக் கூடாது. விலையை கோடையிலேயே ஒப்பந்தம் போட்டுப் பிடிச்சு வைக்கறதுதான் இங்க வழக்கம். காரணம் சோளம். இலையுதிர்காலம் ஈரமா இருந்தா சோளம் ஈரத்தோட அறுவடையாகும், அதைக் காயவைக்க விவசாயிங்க எல்லாரும் ஒரே நேரத்துல புரொப்பேன் எரிப்பாங்க. 2013ல அப்படித்தான் இருப்பு கரைஞ்சு, 2014 ஜனவரி கடுங்குளிர்ல மிட்வெஸ்ட் முழுக்க தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்துச்சு. அதனால அக்டோபர்ல சோள வயலைப் பார்த்தாலே உங்க ஜனவரி பில் ஓரளவு தெரிஞ்சிடும். நீங்க அக்டோபர் கடைசியில போறீங்க, கோடை ஒப்பந்தம் தப்பிடுச்சு. வீட்டுக்காரர் பேர்ல ஒப்பந்தம் இருக்கான்னு கேளுங்க. டேங்க் வரைக்கும் பனியில பாதை வெட்டி வைக்கலைன்னா லாரிக்காரர் திரும்பிப் போயிடுவார்.

ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கற உலை): புது மாடல்னா பக்கச் சுவர்ல ரெண்டு வெள்ளை பிவிசி குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணு காத்து இழுக்க, ஒண்ணு புகை விட. பனி குவிஞ்சு அது அடைஞ்சா பிரஷர் ஸ்விட்ச் ஃபர்னஸை நிறுத்திடும். ராத்திரி 2 மணிக்கு வீடு சில்லுனு ஆனா மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி வெளிய போய் அந்தக் குழாயைப் பாருங்க, பாதி நேரம் அதுதான். புரொப்பேன் ரெகுலேட்டர் மேல படிஞ்ச பனியையும் துடைங்க, மண்வெட்டியால தட்டாதீங்க. ஒவ்வொரு தளத்துலயும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

தண்ணி: உறைநிலை மண்ணுக்குள்ள இறங்கும். அஸ்திவாரத்தை இங்க 42 அங்குலம் ஆழத்துல போடறது அதுக்குத்தான். தண்ணிக் குழாய் அதுக்கும் கீழ. முற்றத்துல நிக்கற உறையாத ஹைட்ரன்ட்ல ஒரு தந்திரம் இருக்கு. அதை மூடினதும் குழாய்ல நிக்கற தண்ணி அடியில வடிஞ்சு போயிடும், அதனாலதான் உறையாது. தோட்ட ஹோஸை மாட்டியே விட்டீங்கன்னா வடியாது, முதல் கடுங்குளிர்ல பிளந்துடும். வடக்குச் சுவர் ஓரமா சிங்க் இருந்தா மைனஸ் இரவுகள்ல கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வைங்க, குழாயை மெல்லிசா சொட்ட விடுங்க. ஊருக்குப் போனாலும் 55 டிகிரிக்குக் கீழ தெர்மோஸ்டாட்டை இறக்காதீங்க.

செப்டிக் டேங்க் உறையறது பனி அதிகமான வருஷத்துல இல்ல, பனி குறைஞ்ச வருஷத்துல. பனி மேல கிடந்தா அதுவே போர்வை. அந்த இடத்துல புல்லை உயரமா விடுங்க, பனியை மிதிச்சோ கார் நிறுத்தியோ அமுக்காதீங்க.

பேஸ்மென்ட் தரைக்குழியில சேர்ற தண்ணியை வெளியேத்தற சம்ப் பம்ப்புக்கு வேலை மார்ச்ல தொடங்கும். மேல உருகுது, கீழ மண் இன்னும் கல்லா இருக்கு, தண்ணி போக இடமில்லாம வீட்டைத்தான் தேடி வரும். பம்ப் வெளியேத்தற குழாய் வீட்டுல இருந்து 10 அடியாவது தள்ளி விழணும். அதோட வாய் பனிக்கட்டியால அடைஞ்சிருக்கான்னு பாருங்க. பாட்டரி பேக்கப் இல்லாத பம்ப்பை நம்பக் கூடாது, ஏன்னா அதிகமா மழை பெய்யற ராத்திரிதான் கரன்ட்டும் போகும்.

இன்னொண்ணு ரேடான். அயோவாவோட 99 கவுன்ட்டியும் சுற்றுச்சூழல் துறை கணக்குல மிக ஆபத்தான முதல் மண்டலம். மண்ணுல இருந்து வர்ற கதிரியக்க வாயு, வாசனை கிடையாது. ஜன்னல் எல்லாம் மூடிக் கிடக்கிற குளிர்காலத்துலதான் அதிகம் சேரும், அதனால அப்பவே சோதனை பண்ணுங்க. லிட்டருக்கு 4 பிக்கோகியூரிக்கு (கதிரியக்க அளவு) மேல வந்தா வாயுவை வெளியேத்தற குழாய் வைக்கச் சொல்லி வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க.

புதுக்குடி:

மிக்க நன்றி, பாதி விஷயம் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு சந்தேகம். காரில் ஆல் வீல் டிரைவ் இருக்கிறது, வின்டர் டயர் தனியாகத் தேவையா? வீட்டுக்குள் காற்று ரொம்ப வறண்டுபோகும் என்கிறார்கள், அம்மாவுக்கு ஏற்கெனவே தோல் வெடிக்கும். ஹ்யூமிடிஃபயர் எந்த அளவில் வைப்பது?

வடமேற்குக்காற்று:

தேவை. ஆல் வீல் டிரைவ் கிளம்ப உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது டயரின் ரப்பர்தான். சாதாரண டயர் 40 டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும். தினமும் கிராவலில் போய்வருகிறவர் 4 டயருக்கும் செலவு செய்யத்தான் வேண்டும், இரண்டு மட்டும் மாற்றினால் வளைவில் பின்பக்கம் இழுக்கும்.

அம்மா வருகிறார் என்பதால் இதையும் சொல்கிறேன். இங்கே பெரியவர்களுக்கு ஆபத்து கடுங்குளிரைவிட உறைமழையில்தான். தரை ஈரமாகத் தெரியும், உண்மையில் அது கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. வாசல்படிக்கு உப்பு போடுவார்கள், ஆனால் 15 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு வேலை செய்யாது. அப்போது மணல்தான். செருப்புக்கு மேலே மாட்டும் முள்பட்டை ஒரு ஜோடி வாங்கி வாசலிலேயே வையுங்கள்.

பேஸ்மென்ட்வாசி:

ஹ்யூமிடிஃபயர்: வெளிய 20 டிகிரின்னா உள்ள 35 சதவீதம், 0 டிகிரின்னா 25ஐ ஒட்டி. அதுக்கு மேல வச்சா ஜன்னல்ல தண்ணி வழிஞ்சு மரச்சட்டம் பூஞ்சை பிடிக்கும். நம்ம சமையல்ல இட்லியும் குக்கருமா நீராவி ஏற்கெனவே நிறைய, வெளியேத்தற விசிறி இருக்கிற அடுப்பான்னு பாருங்க. பல வீட்டுல அது காத்தை வடிகட்டித் திரும்ப உள்ளயே விடும். அம்மாவுக்குத் தேங்காய் எண்ணெய்தான், அதுவும் கல்லா உறைஞ்சு கிடக்கும், வெந்நீர்ல வச்சு எடுங்க. கோடையில இதெல்லாம் தலைகீழ்: ஜூன்ல இருந்து பேஸ்மென்ட்ல டீஹ்யூமிடிஃபயர் 50 சதவீதத்துல ஓடணும்.

ஆலங்கட்டி:

டெரெச்சோ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஆகஸ்ட் 10, தெற்கு டகோட்டாவில் கிளம்பி 14 மணி நேரத்தில் 770 மைல் ஓடி ஒஹையோ வரை போனது. அதில் கருவியால் அளக்கப்பட்ட மிக உயர்ந்த வேகம் மணிக்கு 126 மைல், பதிவான இடம் ஆட்கின்ஸ். அது உங்கள் பென்டன் கவுன்ட்டிதான். பக்கத்தில் சிடார் ராப்பிட்ஸில் சேதத்தை வைத்து மதிப்பிட்ட வேகம் 140. சேதம் 1,100 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். சாதாரண இடிமழையில் சூறைக்காற்று சில நிமிஷத்தில் ஓய்ந்துவிடும். அன்றைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடாமல் அடித்தது. அதனால்தான் தானியக் குதிர்கள் நசுங்கின, மரங்கள் வேரோடு போயின. அந்த அளவுக்கு மறுபடி எப்போது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் சிறிய டெரெச்சோக்கள் மிட்வெஸ்டுக்குப் புதிதல்ல. டொர்னாடோவைவிட இதற்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும் என்பது என் கருத்து. டொர்னாடோ ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும், உங்கள் வீடு அந்தக் கோட்டில் விழும் வாய்ப்பு குறைவு. டெரெச்சோ கவுன்ட்டி முழுவதையும் சேர்த்து இருட்டாக்கும்.

கரன்ட் போனால் பண்ணை வீட்டில் போர்வெல் பம்ப் நிற்கும், தண்ணீர் இல்லை. சம்ப் பம்ப் நிற்கும். 2020இல் சில இடங்களில் இரண்டு வாரம் வரை கரன்ட் இல்லை, கைபேசி கோபுரங்களும் விழுந்தன. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்று 5 பேருக்கு ஒரு வாரத்துக்கு 35 கேலன் குடிநீர் வைத்திருங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் குளியல்தொட்டியை நிரப்புங்கள், கழிவறைக்கு ஆகும். ஜெனரேட்டர் வாங்கினால் போர்வெல் பம்ப் பெரும்பாலும் 240 வோல்ட் என்பதைப் பார்த்து வாங்குங்கள், சின்ன 120 வோல்ட் பெட்டி அதை ஓட்டாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வைக்க வேண்டும். வெளிக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் இல்லாமல் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு ஏற்றினால், கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் செத்துப்போவார்.

எச்சரிக்கைக்கு ஊர் சைரனை நம்பாதீர்கள். அது வெளியில் இருப்பவர்களுக்கு வைத்தது, வயல் நடுவே உங்களுக்குக் கேட்காது. ஒரு வானிலை ரேடியோ வாங்கி, அதில் பென்டன் கவுன்ட்டிக் குறியீடு 019011 என்று போடுங்கள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 அலைவரிசை இருக்கும், தெளிவாகக் கேட்பதை வையுங்கள். பாட்டரியும் போடுங்கள். கோடை மழையில் பெரும்பங்கு இங்கே ராத்திரியில் வரும். இருட்டியபின் தெற்கிலிருந்து தாழ்வாக ஓடும் வேகக்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேகத்துக்குத் தீனி போடுகிறது. தூங்கும்போது எழுப்ப ரேடியோதான். 'வாட்ச்' என்றால் வரக்கூடும், 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது. 58 மைல் காற்று அல்லது ஓர் அங்குல ஆலங்கட்டி வந்தாலே வார்னிங் கொடுப்பார்கள். 80 மைல் அல்லது 2.75 அங்குலம் என்றால் 2021 முதல் கைபேசியிலும் அலறும். உங்கள் பகுதிக்கு வார்னிங் கொடுப்பது டேவன்போர்ட்டில் இருக்கும் குவாட் சிட்டீஸ் அலுவலகம். டெ மாயின் அலுவலகப் பக்கத்தில் தேடினால் உங்கள் கவுன்ட்டி இருக்காது.

பேஸ்மென்டில் எங்கே ஒளிவது? தென்மேற்கு மூலை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. ஜன்னல் இல்லாத, மேலே ஃபிரிட்ஜ் மாதிரி கனமான பொருள் இல்லாத இடம் போதும். செருப்பு, டார்ச், பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட் அங்கேயே இருக்கட்டும்.

வெள்ளம்: சிடார் ஆறு வின்டனைத் தாண்டித்தான் சிடார் ராப்பிட்ஸ் போகிறது. 2008 ஜூன் 13 அன்று அங்கே 31.12 அடியைத் தொட்டது. உங்கள் வீடு ஆற்றிலிருந்து தள்ளியிருந்தாலும் ஓடையோரமா என்று வரைபடத்தில் பாருங்கள். அரசு வெள்ளக் காப்பீடு எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் செல்லும். வாடகைக்காரரும் பொருட்களுக்கு எடுக்கலாம். சம்ப் பம்ப் நின்று நனைந்தால் அது வேறு கணக்கு, அதற்கு வாடகைக் காப்பீட்டில் தனிச் சேர்க்கை கேட்க வேண்டும்.

சோளக்கொல்லை:

செடி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கொண்டுவருவதற்கு முன் ஒன்று: கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், டெக்சாஸில் சிட்ரஸ் நோய்க்காகக் கட்டுப்பாடு உண்டு. மாநிலம் தாண்டி எடுத்துப்போகலாமா என்று வேளாண் துறையிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, அனுமதி பெற்ற நர்சரியில் புதிதாக வாங்குவதே நல்லது. தொட்டியில்தான் வளரும். இரவு 50 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும் செப்டம்பர் பாதியில் உள்ளே எடுத்து, தெற்கு ஜன்னலில் வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குளிரில் இலை உதிர்ந்தால் செத்ததென்று தூக்கிப் போடாதீர்கள், வேர் அழுகாமல் இருந்தால் ஏப்ரலில் துளிர்க்கும். ஃபர்னஸ் காற்று நேராகப் படும் இடம் ஆகாது.

தோட்டம் போடுவதாக இருந்தால் கடைசி உறைபனி மே முதல் வாரத்தை ஒட்டி, முதல் உறைபனி அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி. இடையில் 5 மாதம். தக்காளி, மிளகாய் நாற்றை மே பாதிக்கு மேல் நடுங்கள். வெண்டைக்கு மண் 65 டிகிரி ஆக வேண்டும், மே கடைசியில் நேரடியாக விதைத்தால் ஜூலையில் காய்க்கும். புடலை, பாகலுக்கு ஏப்ரலிலேயே வீட்டுக்குள் நாற்று விட்டால்தான் பலன். கோடையில் வெயிலுக்குக் குறைவே இல்லை, ஜூன் கடைசியில் இரவு 8:45க்குத்தான் சூரியன் மறையும். ஜூலையில் ஓர் ஏக்கர் சோளம் ஒரு நாளைக்கு 3,000 முதல் 4,000 கேலன் தண்ணீரைக் காற்றில் விடும், சுற்றிலும் அதுதான் நிற்கிறது. 85 டிகிரியிலேயே சென்னை மே மாதம் போலப் பிசுபிசுக்கும்.

நீங்கள் குடிபோகும் அக்டோபர் கடைசி அறுவடைக் காலம். சோயா அறுத்தபின் வெயிலடிக்கும் நாளில் ஆரஞ்சு நிறப் பொறிவண்டுகள் நூற்றுக்கணக்கில் தெற்குச் சுவரில் மொய்த்து உள்ளே வரும். நசுக்கினால் நாறும், கறை படியும்; வாக்குவம் வைத்து இழுங்கள், போவதற்கு முன்பே ஜன்னல் இடுக்கை அடையுங்கள். அதன்பிறகு 4 அங்குல ஆழத்தில் மண் 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வயலில் அன்ஹைட்ரஸ் அமோனியா என்ற உர வாயுவை ஏற்றுவார்கள், வெள்ளை டேங்க் வண்டிகள் ரோட்டில் ஓடும். மூக்கைத் துளைக்கும் நெடியோ தரையோடு தவழும் வெள்ளைப் புகையோ கண்டால் அதன் வழியாக ஓட்டாதீர்கள். காற்று வரும் திசைக்கு விலகிப் போய் 911ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.